ஒரு கையில் துப்பட்டி

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் உம்மம்மாவின், அதாவது உம்மாவைப் பெற்றவரின், பழைய புகைப்படம் ஒன்றை முகநூலில் போட்டேன். கீழக்கரையில் ஒரு சந்து. இரண்டு பக்கமும் காரை உதிர்ந்த உயரமான சுவர்கள். நடுவே நான்கு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார்கள். தலை முதல் கணுக்கால் வரை வெள்ளைத் துப்பட்டி. இரண்டாவதாகப் போகிறவர்தான் உம்மம்மா என்று வீட்டில் சொல்வார்கள். படத்துக்குக் கீழே நாலு வரி எழுதினேன். இதுதான் எங்கள் ஊர்ப் பெண்களின் உடை, கறுப்பு புர்கா வளைகுடாப் பணத்தோடு வந்தது, எங்கள் வெள்ளையை அது விழுங்கிவிட்டது என்று. பெருமையாகத்தான் எழுதினேன். பலரும் பகிர்ந்தார்கள். பெண்ணியம் பேசுகிற என் மதுரைத் தோழிகளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒருவர் அதே படத்தையும் அதே வரிகளையும் தன் பக்கத்தில் போட்டிருந்தார். எங்கள் மக்கள் மேல் வெறுப்பைத் தவிர வேறெதுவும் எழுதாத பக்கம் அது. இவர்கள் வீட்டுப் பெண்ணே சொல்லிவிட்டாள் பாருங்கள் என்று மேலே ஒரு வரி. என் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட அவர் மாற்றவில்லை. திரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் எழுதியது அப்படியே அவருக்கும் பொருந்திப் போனதுதான் உறுத்தியது. பதிவை நீக்கவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வரலாறு சரிதானே, நான் பொய்யா சொன்னேன் என்று என்னோடு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் வேலை. தலையில் துணி உண்டு, புர்கா கிடையாது. ஆனால் ஊருக்குப் போகும்போது பையில் ஒன்று மடித்து வைத்திருப்பேன். பரமக்குடி தாண்டியதும் பேருந்திலேயே எடுத்து மாட்டிக்கொள்வேன். திரும்பும்போது அதே பரமக்குடியில் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுவேன். பதினெட்டு வருடமாக இப்படித்தான். யாரும் என்னை அடித்ததில்லை, மிரட்டியதில்லை. உம்மாவுக்குத் தெருவில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதனால் எனக்குக் கறுப்பின் மேல் இருந்த கோபத்தில் பரமக்குடியின் பங்கு பாதி. வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டாடியபோது நான் உண்மையில் சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் கறுப்பு எனக்கு வேண்டாம் என்பதைத்தான். அதை நேராகச் சொல்லத் துணிவில்லாமல் உம்மம்மாவை முன்னால் நிறுத்தியிருந்தேன்.

தூக்குவாளியும் கச்சான் காற்றும்

ஆனி மாதம் ஊருக்குப் போனேன். கச்சான் காற்று நின்று அடிக்கிற காலம். கதவைத் திறந்தால் மணல் உள்ளே வரும், துணி காயப்போட்டால் கிளிப்போடு போய்விடும். உம்மம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. கண் மங்கிவிட்டது, காது கூர்மை. அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ துப்பட்டி போட்டு நடந்திருக்கியா புள்ள?" என்றார். இல்லை என்றேன். "பொட்டியில ஒண்ணு கிடக்கு. எடு" என்றார்.

தேக்குப் பெட்டியின் அடியில் இருந்தது. நடுவில் நீளமாக ஒரு தையல் ஓடுகிற கெட்டி வெள்ளைத் துணி. பழுப்பேறியிருந்தது. அந்தக் காலத்தில் நீலம் போட்டுக் கஞ்சியில் முக்கி எடுப்பார்களாம். பிரித்தபோது பூச்சி உருண்டை வாசனை. தலையில் எப்படிப் போடுவது, இரண்டு ஓரத்தையும் எப்படி இழுத்துத் தாடைக்குக் கீழே சேர்ப்பது என்று அவரே தடவித் தடவிச் சொல்லிக்கொடுத்தார். கொக்கி இல்லை, ஊசி இல்லை, பொத்தான் இல்லை. சேர்த்த இடத்தை உள்ளிருந்து இடது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த பிடியை வீடு திரும்பும்வரை விடக் கூடாது. அன்று வீட்டில் தொதல் கிண்டியிருந்தார்கள். ஒரு தூக்குவாளியில் போட்டு, "மாமி வீட்டுல குடுத்துட்டு வா" என்று என் வலது கையில் கொடுத்துவிட்டார்.

மாமி வீடு இரண்டு சந்து தள்ளி. ஐந்து நிமிட நடை. முதல் திருப்பத்திலேயே காற்று துணிக்குள் புகுந்து கூடாரம்போலத் தூக்கியது. இடது கை விரல்கள் தாடைக்குக் கீழே இறுகின. தொதல் கனமான பண்டம், கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சுண்டிச் சுண்டி எண்ணெய் கக்கும்வரை கிண்டியது. வாளியின் கம்பி விரலை அறுத்தது. கை மாற்றலாம் என்றால் மாற்று கை இல்லை. கீழே வைத்துவிட்டுக் கை மாற்றக் குனிந்தால் துப்பட்டி முன்னால் சரிந்து வழி மறைத்தது. எதிரே ஒரு இருசக்கர வண்டி வந்தது, சுவரோடு ஒட்டி நின்றேன். நின்ற இடத்தில் முழங்கையில் சுவர் சிராய்த்தது, தேய்த்துக்கொள்ளவும் கை இல்லை. மாமி வீட்டுக் கதவைக் காலால் தட்டினேன். என் வாழ்நாளில் நான் ஒரு கதவைக் காலால் தட்டியது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்ததும் உம்மம்மா கேட்டது ஒன்றுதான்: "கையி வலிக்குதா?"

அப்புறம் அவர் சொன்னார். என் மாமா துபாயிலிருந்து முதல் புர்காவைக் கொண்டுவந்தது 1986இல். எனக்கு அப்போது ஒரு வயது. அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு இராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. எங்கள் ஊரில் அது புதிதல்ல. கொழும்பு, பினாங்கு, சென்னை, அப்புறம் துபாய் என்று ஆண்கள் எப்போதும் எங்கேயாவது இருப்பார்கள். உம்மம்மா முதன்முதலாக அந்தப் புர்காவை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் என்னையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறியிருக்கிறார். "அன்னைக்குத்தான் எனக்கு ரெண்டு கையும் கிடைச்சுச்சு" என்றார். நாற்பத்தைந்து வயதில்.

நான் எதை விழுங்கப்பட்ட அழகு என்று எழுதினேனோ, அதை முப்பது வருடம் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர். வளைகுடாப் பணத்தோடு வந்தது என்று நான் எழுதிய கறுப்பில்தான் அவருக்குத் தன் இடது கை திரும்பக் கிடைத்தது. அவரைக் கேட்காமல் அவர் படத்தைப் போட்டு அவருக்காக நான் பேசியிருந்தேன். புர்காவைப் போடு என்று மேடையில் முழங்குகிறவர்களும் அதைத்தானே செய்கிறார்கள் என்று அன்று இரவு முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பெரிய வீட்டுத் துணி

இன்னொன்றும் அன்று தெரிந்தது. துப்பட்டி எல்லாருக்கும் இல்லை. ஓலை முடைந்து பெட்டியும் பாயும் விற்ற பெண்கள், விறகு பொறுக்கிய பெண்கள், பெரிய வீடுகளில் மாவு இடித்த பெண்கள், இவர்கள் சேலை முந்தானையைத் தலையில் இழுத்து முக்காடு போட்டுக்கொள்வதோடு சரி. ஒரு கையை எந்நேரமும் துணிக்குக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அன்றைய சோறு கிடையாது. ஒரு கையைச் சும்மா விட்டுவைக்க முடிந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் துப்பட்டி. துப்பட்டி போட்டவள் மரியாதையான வீட்டுப் பெண், போடாதவள் வேலைக்காரி. மறைப்பதால் மானம் என்றால், அந்த மானத்தை வாங்கக் கையில் காசு இருக்க வேண்டியிருந்தது. விலை மலிந்த புர்கா வந்த பிறகுதான் ஓலை முடைந்தவளின் மகளும் பெரிய வீட்டு மருமகளும் தெருவில் ஒன்றுபோல நடந்தார்கள். உம்மம்மாவுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காத பெரிய வீட்டுப் பெண்கள் உண்டு என்றும், யார் யாரென்றும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

பாம்பன் பக்கம் போனால் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றி ஒரு துணி, விரல்களில் கிழிந்த துணிச் சுற்று. கண் மட்டும்தான் தெரியும். அவர்களைப் பார்த்து ஏன் மூடியிருக்கிறீர்கள், யார் மூடச் சொன்னது, எப்போது விடுதலை என்று யாரும் கேட்பதில்லை. வேலை செய்கிற உடம்பு, வெயில், உப்பு, பவளப்பாறை. காரணம் எல்லாருக்கும் புரிகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து அவர்களுக்கு வனத்துறையோடுதான் வழக்கு. அவர்கள் ஏறுகிற பேருந்தில் பக்கத்து இருக்கையில் நான் கறுப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் என் துணி ஒரு கேள்வித்தாள் ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்வித்தாளை அரசாங்கங்களும் கையில் எடுத்திருக்கின்றன. ஈரானில் 1936இல் ரேசா ஷா முக்காட்டைத் தடை செய்தபோது காவலர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். வெளியே வரக் கூசிய பெண்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு அதே நாட்டில் முக்காட்டைக் கட்டாயமாக்கினார்கள். 2022 செப்டம்பரில் மாஷா அமினி என்ற 22 வயதுப் பெண், தலைத்துணி ஒழுங்காக இல்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருக்கும்போதே மயங்கி விழுந்து, மருத்துவமனையில் இறந்தார். அதே 2022இல் கர்நாடகத்தில் தலைத்துணி போட்டு வந்த பெண் பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். நீதிபதி சுதான்ஷு தூலியாவின் தீர்ப்பு என் மனதில் நிற்கிறது. இது அந்தப் பெண்ணின் தெரிவு என்றார். அதைவிட, ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் வந்து சேருவதே இந்த நாட்டில் எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் முன்னால் வைத்தார். தெஹ்ரானில் போடச் சொன்ன கையும் வாசலில் கழற்றச் சொன்ன கையும் எனக்கு ஒரே கைதான். 1923இல் எகிப்தின் ஹுதா ஷஅராவி ரோம் மாநாட்டிலிருந்து திரும்பி, கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை அகற்றினார். அவர் அகற்றியது தன்னுடையதை, தன் கையால்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, நான் மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா இல்லை. ஆனாலும் படித்திருக்கிறேன். குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான சூரா அந்நூரின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தச் சொல்வது ஆண்களிடம். பெண்களிடம் பேசுவது அடுத்த வசனம். முந்தானையை மார்பின் மேல் போட்டுக்கொள்ளச் சொல்லும் இடத்தில் வருகிற சொல் கிமார். இன்று எல்லார் வாயிலும் புழங்குகிற ஹிஜாப், குர்ஆனில் 33:53இல் திரை என்ற பொருளில் வருகிறது, நபியின் மனைவியரிடம் எதையும் திரைக்குப் பின்னால் நின்று கேளுங்கள் என்ற இடத்தில். முகம் இதில் சேருமா சேராதா என்று இமாம்களுக்குள்ளேயே நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபாடு. நான் கேட்டு வளர்ந்த பயான்களில், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளில், 31ஆம் வசனம் எத்தனை தடவை வந்திருக்கும் என்று கணக்கில்லை. 30ஐ விரித்து ஆண்களிடம் பேசியதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் தங்கையோடு சண்டை

இவ்வளவையும் உம்மம்மா சொன்ன பிறகு நான் புர்காவின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அன்று மாலையே தங்கையோடு சண்டை. அவள் மகளுக்கு எட்டு வயது. கை நிறையக் கண்ணாடி மணி தைத்த குட்டிப் புர்கா ஒன்று வாங்கியிருந்தாள். "அவளேதான் கேட்டா ராத்தா" என்றாள். கேட்டிருப்பாள். எட்டு வயதில் நானும் உம்மாவின் செருப்பைப் போட்டு நடந்தேன், உம்மா அதை எனக்கே எனக்கு என்று வாங்கிக் கொடுத்து இனி கழற்றாதே என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் வீடு அதைக் கேட்கும் என்ற தைரியம் வராத பிள்ளை வேண்டும் என்று சொல்வதை நான் தெரிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

தங்கையிடமும் பதில் இருந்தது. எங்கள் ஊரில் 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்த பிறகுதான் எங்கள் பெண்கள் பட்டப்படிப்பு படித்தார்கள். உள்ளூரிலேயே கல்லூரி, போக வரப் புர்கா. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் பல வாப்பாமார்கள் சரி என்று தலையாட்டினார்கள். "நீயும் அப்படித்தானே படிச்சே?" என்றாள். உண்மை. புர்கா எனக்கு பஸ் டிக்கெட்டாக இருந்தது. டிக்கெட் எடுத்து ஏறினேன், போய்ச் சேர்ந்தேன். ஆனால் என் கூடப் படித்த பையன்களிடம், நாங்கள் பள்ளியில் ஒன்றாக இருந்தவரைக்கும் சரி, அப்புறமும் சரி, யாரும் டிக்கெட் கேட்கவில்லை. எங்கள் படிப்புக்கு ஏதாவது ஒன்றை நாங்கள் மட்டும் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்பதை நான் வழக்கமென்று ஏற்றுக்கொண்டு அடுத்த தலைமுறைக்கும் கைமாற்ற வேண்டுமா? தங்கை பதில் சொல்லாமல் எழுந்து போனாள். இரண்டு நாள் பேசவில்லை.

வெளியூர்த் தோழிகளுக்குப் புரியவைக்கக் கஷ்டமான இன்னொன்று உண்டு. கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குப் போகும். உம்மம்மாவின் வீடு உம்மாவுக்கு வந்தது, நாளை தங்கைக்கும் எனக்கும். நிலைப்படி, முற்றம், கிணறு எல்லாம் பெண்கள் பேரில். துணிக்குள் இருக்கிறாள், பாவம், அடைபட்டுக் கிடக்கிறாள் என்று எங்களைப் பார்த்து இரங்குகிறவர்கள், தங்கள் பெயரில் ஒரு வீடு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரங்கலாம். இதை நான் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டையும் உம்மம்மா அன்றிரவு நிறுத்திவிட்டார்.

விளக்கணைத்துப் படுத்த பிறகு, "எழுதுறதுன்னா அதை எழுதேன்" என்றார். எதை என்றேன். "உன் சாச்சி வழக்கை."

சாச்சி உம்மாவின் தங்கை. அவருக்கு 1989இல் தலாக் கடிதம், மணவிலக்குக் கடிதம், வந்தது. மாப்பிள்ளை வேறு ஊர்க்காரர், பெயரும் ஊரும் வேண்டாம். அந்த ஊர் ஜமாஅத்தில், பள்ளிவாசல் சபையில், வைத்துப் பேசினார்கள். பெண்கள் உள்ளே போகக் கூடாது. எங்கள் பக்கம் பேச, பெரிய வாப்பா ஒருவர் போனார். கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட நகையை மாப்பிள்ளை வீட்டார் திருப்பித் தர வேண்டும். போட்டது நாற்பது பவுன். உள்ளே முப்பது என்று பேச்சு வந்தது. பெரிய வாப்பாவுக்குச் சரியாக நினைவில்லை, முப்பதுதான் என்று தலையாட்டிவிட்டார். உம்மம்மா வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நகையும் அவர் கையால் போட்டது. குரல் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தார். பொம்பளைச் சத்தம் எதற்கு என்று வாசலில் நின்றவர் சொன்னார். ஏட்டில் முப்பது என்று எழுதிக் கையெழுத்து ஆகிவிட்டது.

"நீங்க அன்னைக்குத் துப்பட்டியா போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"புர்காதான். ரெண்டு கையும் சும்மாதான் இருந்துச்சு."

ரொம்ப நேரம் காற்றுச் சத்தம் மட்டும். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் என்றொருவர், ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பெண்களின் தலாக்கைப் பேசுவது போதும் என்று பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் தொடங்கினார் என்று அவரிடம் சொன்னேன். 2017இல் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்று சொன்னதையும் சொன்னேன். நீதிமன்றத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அங்க பொம்பளைங்க உள்ள உக்காந்தா பேசுறாங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "ஏடு யாரு எழுதுறா?" அவர்களேதான் என்றேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார். விளக்கைப் போடு, எழுது என்றார். என் பையில் இருந்த நோட்டை எடுத்தேன். பரமக்குடிப் புர்காவும் அதே பையில்தான் கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆரம் ஒண்ணு, எட்டுப் பவுன். காசுமாலை, பன்னெண்டு. வளையல் எட்டு, ஒவ்வொண்ணும் ஒரு பவுன். நெத்திச்சுட்டி, ஒண்ணு. அட்டியல், நாலு. ஜிமிக்கி ரெண்டு பவுன். மோதிரம் ரெண்டும் சேத்து ஒண்ணு. சங்கிலி, மூணு. கொலுசு வெள்ளி, அது கணக்குல வராது.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்பது வந்தது. உம்மம்மா தலையை ஆட்டினார். ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஆரம் ஒண்ணு, எட்டுப் பவுன்.